சாராள் என்னும் பெயர்

அசோக் நகரில் எம் தமையனார் இல்லத்தில் ஐந்து திங்களாக ஒரு வழக்கு நடைபெற்று வருகின்றது. வழக்கிற்குரிய பொருள் நிலமன்று, பொன்னன்று, ஓர் எழுத்து. இன்னும் நுணுகிக் கூறின், ஒரு மெய்யெழுத்து. தமையனார்க்குப் பெண்மகவு பிறந்தது. அதற்கு எம் ஆச்சியின் பெயரை இடுவதென்பதில் வீட்டார் எவர்க்கும் மாறுபாடு இல்லை. ஆச்சியின் பெயர் சாராள். ஆயினும் குழந்தையின் பெயரைச் 'சாரா' என்று எழுதவேண்டுமென மதனியார் கூற, 'சாராள்' என்றே எழுதவேண்டுமென யாம் கூற, தமையனார் இருவரையும் நோக்கிப் புன்னகை புரிந்துவிட்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டுவிடுகின்றார். பிறப்பைப் பதிவு செய்தபின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. ஆதலின் மாநகராட்சியார் தந்த சான்றிதழில் பெயருக்குரிய இடம் இன்றுவரை வெறுமையாகவே இருக்கின்றது.

வீட்டுப் பூசலைக் கல்லூரி மலருக்குக் கொண்டுவரலாமோ என்று வினவுவார் வினவுக. இம்மலரைப் படிப்போருள் சாராள், மரியாள், அன்னாள், ரெபெக்காள் என்னும் பெயருடைய பாட்டியார் ஒருவரையேனும் அறியாதார் சிலரே இருப்பர். அப்பெயர்களை அவ்வடிவிலேயே தாங்கிய மாணவியர் எம் வகுப்பில் எத்தனைபேர் என எண்ணிப் பார்த்தோம், ஒருவருமில்லை. சாரா உண்டு; மரியா உண்டு; ஹன்னா உண்டு; ரெபெக்கா இருவர் உளர். இரண்டு தலைமுறைக்குள் ஓர் ஒற்று ஓசையின்றி மறைந்துபோயிற்று. மறைந்ததைப் பற்றி எவரும் பேசவுமில்லை. ஆதலின் யாம் பேசத் துணிந்தோம்.

மதனியார் கட்சியை முதற்கண் நேர்மையாக எடுத்துரைத்தல் முறையாகும். அவர் அருகில் இல்லாதபோது எழுதுகின்றோமாதலின். ளகர ஈறு மூலமொழியில் இல்லை என்பதும், எபிரெயர் வழங்கியது சாரா என்பதே என்பதும் அவர் கூற்று. ளகரம் அவள், இவள், எவள் என்னும் சொற்களை நினைவூட்டுவது. பெண்ணுக்கு மதிப்புத் தராதது என்றும் கூறுவர். இவற்றினும் வலிய சான்று ஒன்று அவரிடம் உண்டு, அஃது ஆச்சியே. ஆங்கில எழுத்தில் எழுதப்பெற்றிருந்த ஆச்சியின் பெயரை ஓர் அலுவலகத்து எழுத்தர் 'சரளா' என்று படித்து அவ்வாறே பதிந்துவிட்டார். பிறிதோரிடத்தில் அது 'சாரல்' ஆயிற்று. தென்காசிப் பக்கத்தில் பிறந்த ஆச்சிக்குச் சாரல் என்னும் சொல் இனியதே. எனினும் குற்றாலத்து மழையின் பெயரால் முதியோர் சலுகை பெறுதல் இயலாதன்றோ? அப்பிழைகளைத் திருத்துதற்கு அவர் மும்முறை படியேறி இறங்கினார். "என் மகளும் அப்படி அலையவேண்டுமா?" என்று மதனியார் கேட்கும்போது எமக்கு உடனே விடை தோன்றுவதில்லை. அவ்விடையைத் தேடிச் சென்றபோது கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

எபிரெய மொழியில் 'சார்' என்பது தலைவன், படைத்தலைவன், ஆள்வோன் எனப் பொருள்படும். அதனோடு ஆகார ஒலியுடைய பெண்பால் ஈறு சேரச் 'சாரா' ஆகும்: தலைவி, ஆள்பவள், அரசமகள். அதற்கு உறவாகிய அக்காதிய மொழியில் 'ஷர்ரு' என்பது அரசன்; 'ஷர்ரத்து' என்பது அரசி. ஆதியாகமத்தில் இவ்வம்மையார் முதலில் சாராய் என்னும் பெயருடன் தோன்றுகின்றார். 'என் தலைவி' என்று அதற்குப் பொருள் கூறினர் பழைய உரையாளர். இக்கால அறிஞரோ சாராய், சாரா இரண்டும் ஒரே பெயரின் இரு வடிவங்கள் என்பர். பதினேழாம் அதிகாரத்தில் ஆபிராம் ஆபிரகாமாகும் போதே சாராயின் பெயரும் மாறுகின்றது. அம்மாற்றம் நிகழாதிருந்தால், சாராய் என்னும் பெயருடைய சிறுமியர் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் என்ன பாடுபட்டிருப்பர் என்பதை எண்ணி யாம் கடவுளுக்கு நன்றி கூறுகின்றோம்.

இம்மாற்றத்தைப் பற்றி யூத ரபிமார் வழங்கிய பழங்கதை ஒன்றுண்டு. எபிரெய எழுத்தில் சாராய் என்னும் பெயரின் கடையில் நிற்பது 'யோத்'. எழுத்துக்கள் யாவற்றினும் சிறியது. பெயர் மாறியபோது யோத் நீங்க, அவ்விடத்தில் 'ஹே' என்னும் எழுத்து வந்து அமர்ந்தது. இடமிழந்த யோத் வாளா இருந்துவிடவில்லை. கடவுளின் அரியணை முன்னே பறந்து சென்று, தான் சிறிய எழுத்தாய் இருப்பதனால்தானோ அந்த நல்லாளின் பெயரினின்று தன்னை விலக்கியது என்று முறையிட்டதாம். கடவுள் அதனை ஆற்றுவித்துப் பின்னாளில் ஓசேயா என்பான் பெயரின் முதலில் அதனை வைக்க, அவன் யோசுவா ஆயினான். பெண்ணின் பெயரில் கடையில் நின்றது ஆணின் பெயரில் தலையில் ஏறிற்று. ஓர் எழுத்தின் இழப்பை விண்ணுலகத்து வழக்காகக் கருதிய மக்கள் நமக்குத் தந்த பெயர் இது. ளகரத்துக்காக யாம் முறையிடுவதனை மிகை என்பார் இக்கதையைச் சற்றே நினைக்க.

இனி அந்த ளகரம் தமிழில் எவ்வாறு வந்தது என்பதனைக் காண்போம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்து, பழைய ஏற்பாட்டில் ரூத் வரையில் மொழிபெயர்த்து 1719இல் காலமானார். எஞ்சியதைச் சூல்ட்ஸ் ஐயர் நிறைவு செய்தார். பின்னர்ச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரீசியுஸ் ஐயர் மீண்டும் மொழிபெயர்த்தார். பவர் ஐயர் முதலானோர் திருத்திய ஐக்கியத் திருப்புதல் 1871இல் வெளிவந்தது. அதன் வழிவந்த வேதாகமமே நம் ஆலயங்களில் இன்றும் வாசிக்கப்படுவது. அதில் வரும் பெண்டிர் பெயர்களை ஒருமுறை ஓதிப் பாருங்கள்: சாராள், ரெபெக்காள், லேயாள், தீனாள், சிப்போராள், தெபொராள், அன்னாள், மரியாள், மார்த்தாள், சூசன்னாள், லீதியாள், தபீத்தாள், லோவிசாள். எபிரெயப் பெயரென்றும் கிரேக்கப் பெயரென்றும் பாராமல், ஆகாரத்தில் இறும் பெயர்க்கெல்லாம் ளகரம் இட்டிருக்கின்றனர். மெய்யில் இற்ற ரூத், எஸ்தர், ராகேல், ஆகார் என்பவற்றை அவ்வண்ணமே விட்டிருக்கின்றனர்.

ஏன் இட்டனர்? எம் கருத்து இது. அக்காலத்தில் வேதாகமம் கண்ணால் படிக்கப்பட்டதினும் காதால் கேட்கப்பட்டதே பெரிது. எழுத்தறியாத நூறு பேர் தரையில் அமர்ந்திருக்க உபதேசியார் ஒருவர் உரக்க வாசிப்பார். தேராகு, நாகோர், ஆரான், மில்கா, இஸ்கா என்று முன்பின் கேளாத பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தால், இவருள் ஆண் யார், பெண் யார் என்று கேட்போர் எங்ஙனம் அறிவர்? மில்காள், இஸ்காள் என்றவுடன் பின்வரிசையிலிருக்கும் கிழவிக்கும் விளங்கிவிடும். அன்றியும் சாராவை, சாராவுக்கு, சாராவினுடைய என்பதினும் சாராளை, சாராளுக்கு, சாராளுடைய என்பது நாவுக்கு எளிது. ஆள் என்பது நன்னூலார் கூறிய பெண்பால் விகுதிகளுள் ஒன்று. பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தோடு பொருந்தச் செய்துகொள்ளுதல் தொல்காப்பியர் எச்சவியலில் வடசொல்லுக்குக் கூறிய நெறி. அந்நெறியாலன்றோ கம்பருக்கு லக்ஷ்மணன் இலக்குவனும் விபீஷணன் வீடணனும் ஆயினர்?

இவ்விடத்தில் எம் வகுப்புத் தோழர் ஒருவர் ஒரு தடை எழுப்பினார். வடமொழியில் ஆகாரத்தில் முடியும் பெண்பாற் பெயர் தமிழில் ஐகாரமாதலே மரபு, சீதா சீதையானாள், அகல்யா அகலிகையானாள், அம்மரபைப் பின்பற்றாமல் ளகரம் இட்டது ஏன் என்பது அவர் வினா. பின்பற்றியிருந்தால் சாரா 'சாரை' ஆகியிருப்பாள். வயல் வரப்பில் எலியைத் துரத்தும் பாம்பின் பெயரை விசுவாசிகளின் தாய்க்கு இட்ட பெருமை நமக்கு வாய்த்திருக்கும். மொழிபெயர்த்தோர் தப்பினர், நாமும் தப்பினோம்.

பெயரைத் தமிழாக்குதற்கு வேறு வழியும் இருந்தது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பு என்னும் பெயரை ஒலியால் கொள்ளாமல், பெருகுதல் என்னும் அதன் பொருளை நோக்கி வளன் என்றார். கடவுள் அருளினார் எனப் பொருள்படும் யோவானைக் கருணையன் என்றார். அம்முறையில் சாராளை மொழிபெயர்த்தால் அரசி என்றோ நாச்சியார் என்றோ ஆண்டாள் என்றோ வரும். காப்பியத்துக்கு அது பொருந்தும். ஆயினும் கோதை நாச்சியாரின் பெயரை நாம் எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த தெருவாருக்கு வருத்தமும் நமக்குக் குழப்பமும் விளைந்திருக்கும். ஒலியை அயல்மொழியிலிருந்து பெற்று, ஈற்றை நம் மொழியிலிருந்து தருதல் என்னும் நடுவழியே நிலைத்தது. எபிரெயம் தன் பெண்பால் ஈற்றை இட்டு அனுப்பிய பெயருக்குத் தமிழும் தன் பெண்பால் ஈற்றை இட்டது. இது கூறியது கூறல் என்னும் குற்றமாகாதோ என்று கேட்டால், பிறந்தகத்துத் தாலாட்டும் புகுந்தகத்துத் தாலாட்டும் ஒரே குழந்தைக்குக் குற்றமாகுமோ என்று யாமும் கேட்போம்.

மூலத்தில் ளகரம் இல்லை என்னும் மதனியார் கூற்று உண்மையே. 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் சாரா, மரியா, அன்னா என்றே எழுதுகின்றது. அதனைக் குறைகூற யாம் வரவில்லை. கத்தோலிக்கச் சகோதரர் முன்னாளில் மரியாயி என்றும், அருளப்பன் என்றும், சின்னப்பர் என்றும் வழங்கிய பெயர்களின் தமிழ்மணத்தை யாம் மறந்தவருமல்லோம். ஆகார ஈற்றுப் பெயர் தமிழுக்கு அயலானதுமன்று. நிலா, பலா, சுறா எல்லாம் நம்முடையனவே. இவ்வளவும் ஒப்புகின்றோம். ஆனால் இன்று ளகரத்தை விடுவோர் எபிரெயத்துக்குத் திரும்புகின்றனரா என்பதே வினா. மழலையர் பள்ளியில் சாரா என்னும் பெயருடைய குழந்தையை எல்லாரும் 'சேரா' என்றழைப்பதை யாம் காதாரக் கேட்டோம். அவ்வொலி எருசலேமினின்று வந்ததன்று, இலண்டனிலிருந்து வந்தது. எபிரெய வடிவே வேண்டுமென்பார் ஈசாக்கை இட்ஸ்காக் என்பதுண்டோ? இயேசுவை யேசுவா என்பதுண்டோ? மூலத்தின்மேல் பிறந்த இந்தத் திடீர்ப் பற்று ஆங்கிலத்துக்கு வசதியான இடத்தில் மட்டும் தோன்றுவது வியப்பே.

இலக்கண வகுப்பில் அமர்ந்திருந்தபோது எமக்கு ஒன்று தோன்றிற்று. இதனைச் சொல்லாராய்ச்சி என்று கொள்ளற்க. தற்செயலாய் நேர்ந்த ஒலியொற்றுமையே. தமிழிலும் 'சார்' என்று ஒரு சொல் உண்டு. பொருந்துதல், பற்றிநிற்றல், சாய்தல் என்று பொருள். அப்பகுதியினின்று பிறந்த 'சாரா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அரசு சாரா நிறுவனம், அமைப்புசாராத் தொழிலாளர் என்று நாள்தோறும் எழுதுகின்றோமே, அந்தச் சாரா. அது தனித்து நில்லாது. பின்னே ஒரு பெயர் வருமென்று வழிபார்த்து நிற்கும். 'சாராள்' என்பதோ வாராள், காணாள் என்பனபோலப் பெண்பால் எதிர்மறை வினைமுற்று. பிறரைச் சார்ந்து நில்லாதவள் என்று தானே முற்றுப்பெற்று நிற்பது. ஆச்சியிடம் இதனைக் கூறினோம். அவர் முப்பத்திரண்டாம் வயதில் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளைப் பள்ளி ஆசிரியப் பணியொன்றால் வளர்த்தவர். "இலக்கணம் நல்லாத்தான் இருக்கு" என்று கூறி முருங்கைக்கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

பாளையங்கோட்டைக்குச் சென்றவர் சாராள் தக்கர் கல்லூரியை அறிவர். சாராள் தக்கர் என்பார் ஆங்கிலப் பெண்மணி. சென்னையில் சர்ச் மிஷன் சங்கத்துச் செயலாளராய் இருந்த ஜான் தக்கர் ஐயரின் உடன்பிறந்தார். இந்தியாவுக்கு ஒருகாலும் வந்தவரல்லர். இங்கிலாந்தில் இருந்தபடியே தென்னிந்திய ஊழியத்தைப் பற்றி நூல் எழுதினார். 1853இல் ஆப்பிரிக்காவின் அபெயோகுட்டா நகரைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். அவர் மறைந்தபின் அவர் நினைவாகத் தோழியர் திரட்டிய பொருளைக்கொண்டு திருநெல்வேலிப் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1895இல் கல்லூரி தோன்றிற்று. தென்னாட்டுப் பெண்களில் முதன்முதல் எழுத்தறிந்து ஊர் ஊராகச் சென்று கற்பித்தவருள் பலர் அங்குப் பயின்று வந்தவர். எம் ஆச்சியின் தாயாரும் அங்குப் படித்தவரே. மகளுக்குச் சாராள் என்று பெயரிட்டபோது அவர் நினைத்தது ஆபிரகாமின் மனைவியையா, அக்கல்லூரி வாயிலில் எழுதியிருந்த பெயரையா என்பது ஆச்சிக்கே தெரியாது. எம் வழக்குக்கு வேண்டுவது வேறு. தம் மண்ணை மிதித்தறியாத ஓர் ஆங்கில மாதின் பெயருக்கு நெல்லை மக்கள் தம் ளகரத்தை இட்டு, அவர் குடிப்பெயரையும் தமிழ்நாவுக்கேற்பத் தக்கர் ஆக்கி, அவரைத் தம்மவர் ஆக்கிக்கொண்டனர். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778இல் ஞானஸ்நானம் பெற்றுப் பாளையங்கோட்டையில் ஆலயம் கட்டிய தஞ்சை அந்தணப் பெண்மணியைக் குளோரிந்தாள் ஆக்கியதும் அதே ளகரமே. இக்காலத்துச் செய்தித்தாள்களில் 'சாரா டக்கர்' என்று காணும்போது அப்பெண்மணி மீண்டும் கப்பலேறிச் சென்றுவிட்டதுபோல எமக்குத் தோன்றும்.

ளகரம் மதிப்புக் குறைவு என்பதைப் பற்றி ஒன்று கூறவேண்டும். ஆண்டாள் என்பதில் ளகரம் இருக்கின்றது; அம்மாள் என்பதிலும் இருக்கின்றது; திருமாலையே பெருமாள் என்கின்றோம். ஓர் ஈறு தானே இழிவு செய்யாது. இழிவு செய்தவர் மக்கள். ஆச்சியின் தாய்வழியினர் நாகர்கோவில் பக்கத்தவர். அந்நாடு அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அங்கே அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1855இல். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை உடுத்தல் குற்றமெனக் கருதப்பட்டு, அதன்பொருட்டுக் கலகங்கள் மூண்டு, அரச விளம்பரத்தால் ஓரளவு உரிமை கிடைத்தது 1859இல். அப்பெண்கள் ஆலயத்தில் குழந்தையை ஏந்தி நின்று, 'இதன் பெயர் என்ன?' என்று போதகர் கேட்டபோது, 'சாராள்' என்றனர். ஆள்பவள் என்பதும் அரசமகள் என்பதும் அதன் பொருள் என்று அவருள் எத்தனைபேர் அறிந்திருப்பரோ அறியோம். அறிந்து இட்டனரெனில் அதனினும் துணிவான செயல் பிறிதில்லை. பனையோலைக் குடிசையில் பிறந்த பெண்ணுக்கு அரசி என்று பெயரிட்டு, அதனை ஞானஸ்நானப் பதிவேட்டில் மையால் எழுதுவித்தனர். அம்மையில் எழுதப்பட்ட வடிவம் ளகரத்தோடு கூடியது.

ஒரு பெயரைப் புகழும்போது அதன் நிழலையும் காட்டுதல் கடன். ஆதியாகமத்துச் சாராள் ஆகாரை விரட்டியவள். எகிப்திய அடிமைப் பெண்ணாகிய ஆகார் தோளில் தண்ணீர்த் துருத்தியும் கையில் பிள்ளையுமாக வனாந்தரத்தில் அலைந்தது அரசமகளின் சொல்லால் நேர்ந்தது. எம் முன்னோர் நிலை சாராளினும் ஆகாருக்கே அணித்தாயிருந்தது. ஆயினும் கிறிஸ்தவருள் ஆகார் என்று பெண்ணுக்குப் பெயரிடுவாரை யாம் கண்டதில்லை. எம் தமையனார் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் உண்டு; அவ்வீட்டுப் பெண்ணின் பெயர் ஹாஜரா. அது ஆகாரின் பெயரே. மகனுக்குத் தண்ணீர் தேடி அவ்வன்னை ஓடியதை நினைந்து மக்காவில் ஹஜ் யாத்திரிகர் ஸபா, மர்வா என்னும் குன்றுகளுக்கிடையே ஏழுமுறை செல்கின்றனர். தமிழ் முஸ்லிம்கள் சாரா என்றும் பெயரிடுவர். ஹாஜரா என்றும் பெயரிடுவர். இருவரையும் தாயராகக் கொள்வர். இவ்வகையில் அவர்கள் நம்மினும் பெருந்தன்மை உடையவர் என்பது எம் துணிபு. மதனியாருக்கு உதவியாகக் குழந்தையை இடுப்பில் ஏந்தி உலவுபவள் பெரும்பாலும் அந்த ஹாஜராவே.

நம் திருமண வீடுகளில் இப்பெயர் எடுத்தாளப்படுவதையும் நோக்குங்கள். சாராள் தன் கணவனை ஆண்டவன் என்றழைத்துக் கீழ்ப்படிந்தாள் என்னும் பேதுருவின் நிருபத்தை மணமகளுக்கு நினைவூட்டாத பிரசங்கியார் அரியர். ஆதியாகமம் இருபத்தோராம் அதிகாரத்தில், சாராள் சொல்வதைக் கேள் என்று கடவுள் ஆபிரகாமுக்கு இட்ட கட்டளையை மணமகனுக்கு நினைவூட்டியவரை யாம் இதுகாறும் கேட்டதில்லை. தொண்ணூறாம் வயதில் பிள்ளை பிறக்குமென்று கேட்டுத் தன் உள்ளத்திலே நகைத்தவள் அவள். அந்நகைப்பே ஈசாக்கு என்னும் பெயராயிற்று. இறக்கும்போது வயது இன்னதென்று வேதம் குறித்துவைத்த பெண் அவள் ஒருத்தியே, நூற்றிருபத்தேழு. வாக்களிக்கப்பட்ட நாட்டில் ஆபிரகாம் நானூறு வெள்ளிச் சேக்கல் கொடுத்து முதலில் உரிமையாக்கிய நிலம், அவளை அடக்கம் செய்த மக்பேலா குகையும் அதன் வயலுமே. இத்தகையாளைக் கீழ்ப்படிந்தவள் என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் அரசிக்குச் செய்யும் நீதியன்று.

இதே பெயரை ஓர் அரசு இழிவின் முத்திரையாக்கியதும் உண்டு. ஜெர்மனியில் நாஜியர் 1938 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தனர். யூதர் என்று உடனே அடையாளம் தெரியாத பெயருடைய யூதப் பெண்கள் அனைவரும் தம் பெயரோடு சாரா என்பதனையும், ஆண்கள் இஸ்ரவேல் என்பதனையும் 1939 சனவரி முதல் சேர்த்து எழுதவேண்டும் என்பது அவ்வாணை. பெயர் சுமந்தவர் எளிதில் அகப்படவேண்டும் என்பதே நோக்கம். நாகர்கோவிலில் முடியாகச் சூட்டப்பட்ட பெயர் பெர்லினில் விலங்காகப் பூட்டப்பட்டது. பெயரின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அயலாராகிய மலையாளிகளைச் சற்று நோக்குவோம். கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் அம்மையார் 2019இல் தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார். அவர் எபிரெய வடிவை எபிரெயர்க்குரிய உரிமையோடு வைத்திருந்தார். அதே நாட்டுச் சிரியன் கிறிஸ்தவரோ அம்மா என்பதைச் சேர்த்துச் சாறாம்மா என்றனர். பஷீர் 1943இல் வெளியிட்ட 'பிரேமலேகனம்' என்னும் நூலின் தலைவி சாறாம்மாவே. அப்பெயரைக் கேட்ட மலையாளிக்கு மத்தியகிழக்கு நினைவுக்கு வருமா, தன் அடுத்த வீட்டுப் பெண் நினைவுக்கு வருவாளா? மலையாளத்துக்கு அம்மா எதுவோ தமிழுக்கு ளகரம் அது.

குழந்தை வளரும் அந்தப் பகுதியின் பெயரையே பாருங்கள். அசோகன் என்றும் அசோகர் என்றும் நம் பாடநூல்கள் கூறும் பேரரசனின் பெயர் அது. துயரற்றவன் என்பது பொருள். 1960களில் எழுந்த அக்குடியிருப்புக்கு அவன் பெயரை இட்டு, நாற்சிங்கத் தூணையும் நாட்டினர். அசோக நகர் என்று அமைந்திருக்கவேண்டியது வடநாட்டு உச்சரிப்பால் ஈறு குறைந்து அசோக் நகர் ஆயிற்று. ககர ஒற்றில் சொல் முடிதல் தமிழுக்கு இல்லை. ஆயினும் பேருந்து நடத்துநர் 'அசோக் பில்லர்' என்று கூவும்போது இறங்காதிருப்பவர் எவர்? யாமும் இறங்குகின்றோம். தெருப்பெயர் பலர்க்குப் பொது. அதனைத் திருத்த எமக்கு ஆற்றலில்லை. ஒரு குழந்தையின் பெயர் வீட்டாரின் கையில் உள்ளது. ஆதலின் அங்கேனும் போராடுகின்றோம்.

எனவே மதனியார் முன் யாம் வைத்துள்ள வேண்டுகோள் இது. மாநகராட்சிச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைவது. ஆங்கிலத்தில் அவர் விரும்பும் வடிவையே எழுதுக. சரளா ஆகவும் சாரல் ஆகவும் ஆச்சி பட்ட துன்பமெல்லாம் தமிழ் ஈற்றை ஆங்கில எழுத்தில் அடைக்க முயன்றதால் வந்தவையே. தமிழ் எழுதும் இடத்தில் மட்டும் சாராள் என்று எழுதுக. தக்கர் அம்மையாருக்கு நெல்லை மக்கள் செய்தது இதுவே. ஆங்கில ஏட்டில் அவர் ஆங்கிலேயர், தமிழ் ஏட்டில் தமிழர். ஒரு பெண்ணுக்கு இரு மொழியில் இரு வடிவம் இருப்பதால் இடர் வருமென்று தமையனார் ஐயுறுகின்றார். ஜான் என்று ஆங்கிலத்தில் கையொப்பமிட்டு, ஆலயப் பதிவேட்டில் யோவான் ஆகிய அவர் இதனைக் கேட்பது எமக்குச் சற்று நகைப்பைத் தருகின்றது.

ஆச்சியிடம் தீர்ப்புக் கேட்டோம். அவர் இரு கட்சிக்கும் சாராமல், குழந்தையை மடியில் வாங்கி, "எங்க ராசாத்தி" என்று கொஞ்சினார். பிறந்த நாள் முதல் அவர் அக்குழந்தையை அழைப்பது அந்தச் சொல்லால்தான். எண்பத்தொரு ஆண்டாகத் தாம் சுமந்துவரும் எபிரெயப் பெயரின் நேரான தமிழ் மொழிபெயர்ப்பு அதுவே என்பதனை யாம் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. மதனியார் எம் வேண்டுகோளை ஆராய்வதாகக் கூறியிருக்கின்றார். ஓராண்டுக் காலத்தில் இன்னும் ஏழு திங்கள் எஞ்சியுள்ளன. ஞானஸ்நானத்துக்கோ அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது.